குவிமாடத்துக்குள் எட்டுக் கோள்கள்: கொழும்பு மாணவர்களின் ஒரு காட்சி – நிகழ்வு ஆய்வு

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படிக்கும் ஆறு மாணவர்கள் சேர்ந்து, எட்டுக் கோள்களைப் பற்றி ஏழு நிமிடக் குவிமாடக் காட்சி ஒன்றைச் செய்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்துக்குள், காற்றடித்து நிறுத்தும் குவிமாடத்தில், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டும் காட்டினார்கள். விளம்பரப் படங்களுக்கு அசைவூட்டம் செய்வது என் தொழில். அந்த வகையில் தொடக்கத்திலிருந்தே அவர்களோடு இருந்தேன். மாணவர்களின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு அதுதான் தேவை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். கோளை வரைவது வேறு, அசைப்பது வேறு. பாடப்புத்தகப் படத்தில் சனி கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அசைவூட்ட மென்பொருள் அப்படி விடாது. எத்தனை பாகை சாய்வு, எந்தப் பக்கம் சுழற்சி, எவ்வளவு வேகம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என எல்லாவற்றுக்கும் பதில் கேட்கும். பதில் பிழை என்றால் அந்தப் பிழை தலைக்கு மேலே, கண்ணுக்கெட்டிய அளவு முழுக்கப் பெரிதாக ஓடும். பிள்ளைகளை வானியலுக்குள் ஆழமாக இழுத்துப்போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பின்னணி

கொழும்பு 7இல், கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருக்கும் கோள்மண்டலத்தை, அதாவது வானத்தைக் குவிமாடக் கூரையில் காட்டும் அரங்கை, பாடசாலைச் சுற்றுலாவில் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. 1965இல் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க வடிவமைத்தார். முன்வார்ப்புக் கொங்கிரீட்டில் தாமரை வடிவில் எழுந்த அந்தக் கூரை இன்றைக்கும் அழகுதான். உள்ளே வைத்த புரொஜெக்டர் கிழக்கு ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்துடையது. அந்த வகைக் கருவியின் மூதாதை 1923இல் மியூனிக்கில் முதன்முதலாக வானத்தைக் காட்டியது.

அந்தக் கருவிகளின் அருமை, நட்சத்திரங்களை ஊசிமுனை போலக் கூர்மையாகக் காட்டுவது. எந்த நாளில், எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் கோள்கள் எங்கே நிற்கும் என்று காட்டும். ஆனால் உங்களைப் பூமியிலிருந்து கிளப்பிச் சனியின் வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாது. அதற்குக் கணினி வர வேண்டியிருந்தது. 1983இல் அமெரிக்காவில் முதல் டிஜிட்டல் கோள்மண்டலக் கருவி ஓடத் தொடங்கியது. இன்றைக்கு அதே வேலையை இலவச மென்பொருளான பிளெண்டரில், ஒரு சாதாரண லப்டொப்பில், ஒரு தரம் 12 மாணவி செய்யலாம். எங்கள் ஆறு பேரும் தொடங்கியது அங்கேதான்.

முதல் தடை: ஓரச் சட்டகம் இல்லாத படம்

குவிமாடத்துக்கான படம் ஒரு சதுரத்துக்குள் ஒரு வட்டம். வட்டத்தின் நடுப்புள்ளி உச்சந்தலைக்கு நேர் மேலே விழும். வட்டத்தின் விளிம்பு அடிவானம். வட்டத்தின் கீழ்ப்பக்கம் பார்ப்பவருக்கு முன்னால் வரும். பிளெண்டரில் இதைப் பெறுவது சுலபம்: காட்சியைக் கணித்துப் படமாக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரைத் தெரிவுசெய்து, கமராவை 180 பாகை மீன்கண் வில்லையாக மாற்றி, வானத்தைப் பார்க்க நிமிர்த்திவிட்டால் சரி.

பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம். தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் வளர்ந்த கண், முக்கியமானதை நடுவில் வைக்கும். மாணவர்களும் சனியை நடுவில் வைத்தார்கள். கணினித் திரையில் அற்புதமாக இருந்தது. குவிமாடத்தில் அது நேர் உச்சியில் போய் நிற்கும். நிலத்தில் சம்மணமிட்டு இருக்கும் பிள்ளை அதைப் பார்க்கக் கழுத்தை முறிக்க வேண்டும். முன்பக்கம், அடிவானத்திலிருந்து 30 தொடக்கம் 45 பாகை உயரத்துக்குள்தான் முக்கியமானவை வர வேண்டும்.

இதை விளக்கிப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு மாணவி கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பிடித்தாள். எட்டுக் கம்பி, எட்டுப் பிரிவு, ஒவ்வொன்றும் 45 பாகைத் திசை. உட்பக்கத்தில் வெள்ளைச் சோக்கால் 30 பாகையிலும் 60 பாகையிலும் இரண்டு வளையம் கீறினாள். குடை சரியான அரைக்கோளம் அல்ல, ஆனால் திசைகளைத் திட்டமிட அது போதும். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கீழே கதிரையில் இருந்து சிறிய கடதாசிக் கோள்களை ஊசியால் குத்திப் பார்த்தார். எது எங்கே வரும் என்ற காட்சித் திட்டம் முழுவதும் அந்தக் குடைக்குள்தான் உருவானது. நான் தொழிலில் பாவிக்கும் எந்த முன்னோட்ட மென்பொருளும் அவர்களுக்கு அவ்வளவு உதவவில்லை.

குவிமாடத்தில் படத்துக்கு ஓரச் சட்டகம் இல்லாததால் கமரா அசைந்தால் பார்ப்பவரின் உடம்பே அசைவதாக மூளை நம்பிவிடும். வேகமாகத் திருப்பினால் தலைசுற்றும், சிலருக்கு வயிற்றைக் குமட்டும். செக்கனுக்கு 30 படம் ஓடும்போது, செக்கனுக்கு 15 பாகை திருப்பினால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அரைப் பாகை தாவும். அது முழுநிலவின் அகலம். கண்ணுக்கு வெட்டி வெட்டித் தெரியும். அரை வானத்தைத் திருப்ப 30 செக்கனாவது எடுப்பது என்று முடிவுசெய்தார்கள். காட்சிக்குக் காட்சி திடீரென வெட்டுவதையும் விட்டுவிட்டு, இருட்டுக்குள் போய் அடுத்ததற்கு வருவதை வழக்கமாக்கினார்கள்.

ஒரே கடிகாரம்

காட்சியின் இதயம் நடுப்பகுதி. எட்டுக் கோள்களும் வானைச் சுற்றி வரிசையாக நின்று, ஒரே கடிகாரத்துக்குச் சுழல வேண்டும். பூமியின் ஒரு நாளை 10 செக்கன் என்று வைத்துக்கொண்டார்கள். மற்றவை கணக்கிலிருந்து வந்தன. செவ்வாய் பூமியோடு கிட்டத்தட்ட ஒத்துப் போகும், 10.3 செக்கன். வியாழனுக்கு நாள் 9 மணித்தியாலம் 56 நிமிடம்தான் என்பதால் 4 செக்கனுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சுற்று. சனி 4.4 செக்கன். அப்புறம் மறுபக்கம்: புதன் ஒருமுறை சுற்ற 58.6 நாள், அதாவது இந்தக் கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. காட்சியே ஏழு நிமிடம்தான். வெள்ளிக்கு 243 நாள், அதுவும் மறுபக்கமாக. நாற்பது நிமிடம் போகும்.

இந்த எண்கள் பாடத்தில் அட்டவணையாக இருக்கின்றன. மாணவர்களுக்கு அவை மனப்பாடம். ஆனால் வியாழன் விறுவிறுவென்று ஓட, பக்கத்தில் வெள்ளி உறைந்துபோய் நிற்பதை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது, “இதில எங்கயோ பிழை இருக்கு அண்ணா” என்றுதான் ஒருவர் சொன்னார். கணக்கைத் திரும்பப் போட்டார்கள். பிழை இல்லை.

உண்மையான பிழை வேறொன்றில் இருந்தது. பூமி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, முடிவில் தயங்கியது. காரணம் மென்பொருளின் இயல்பு. பிளெண்டரில் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு கீபிரேம்களுக்கு இடையே அசைவு தானாகவே மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். துள்ளும் பந்துக்கும் நடக்கும் மனிதனுக்கும் அது அழகு. கோள் அப்படிச் செய்யாது. அசைவை ஒருசீராக மாற்ற ஒரு சொடுக்குப் போதும். ஆனால் ஏன் மாற்ற வேண்டும் என்ற பேச்சு நீண்டது. “அப்ப சூரியனைச் சுற்றுறதும் ஒரே வேகமா?” என்று ஒருவர் கேட்டார். இல்லை. புதன் சூரியனுக்குக் கிட்ட வரும்போது செக்கனுக்குச் சுமார் 59 கிலோமீற்றரும், எட்டப் போகும்போது சுமார் 39 கிலோமீற்றரும் ஓடும். தன்னைத்தானே சுழல்வது ஒருசீர், சூரியனைச் சுற்றுவது அப்படியல்ல. கெப்ளரின் இரண்டாம் விதியை அவர்கள் பரீட்சைக்காக எழுதியிருக்கிறார்கள். ஒரு வளைகோட்டின் சரிவைக் கையால் இழுத்து அதை உண்டாக்கியது அன்றைக்குத்தான்.

வெள்ளியின் நிறம்

நிறையப் பேச்சு நடந்த கோள் வெள்ளி. இணையத்தில் வெள்ளியின் மேற்பரப்புப் படம் தேடினால், எரிமலைப் பாறையாக, செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று வரும். மாணவர்களும் அதைத்தான் உருண்டையில் ஒட்டியிருந்தார்கள். அது கண்ணால் காணும் வெள்ளி அல்ல. 1990களின் தொடக்கத்தில் மகலன் விண்கலம் ரேடார் அலைகளால் முகிலை ஊடுருவி எடுத்த நில வரைபடம் அது. நிறம் பிறகு பூசப்பட்டது. கண்ணுக்கு வெள்ளி, வெளிறிய பால் மஞ்சள் நிறத்தில் அடர்ந்த முகில் மூடிய உருண்டைதான்.

சரி, முகிலைப் போட்டார்கள். அடுத்த சிக்கலை அவர்களின் பௌதிகவியல் மிஸ் எழுப்பினார். வெள்ளியின் நிலம் சுற்ற 243 நாள். மேல் முகிலோ சுமார் நான்கே நாளில் கோளை ஒருமுறை சுற்றிவிடும். அப்படியானால் முகில் போர்த்திய வெள்ளியை அசையாமல் நிறுத்துவதும் பொய்தானே? இந்தக் கடிகாரத்தில் முகில் 40 செக்கனில் ஒரு சுற்று வர வேண்டும்.

ஒருவர் பேசாமல் முகிலை மட்டும் சுழற்றுவோம் என்றார். இன்னொருவர், 243 நாள் என்ற கதையே போய்விடும் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு வந்த யோசனை என்னை அசத்தியது. வெள்ளியின் முகில் போர்வையில் ஒரு பகுதியை வெட்டித் திறந்துவிட்டார்கள். உள்ளே, தூக்கிப் போட்டிருந்த அந்த ரேடார் நிலம். மேலே முகில் 40 செக்கனில் வழுக்கி ஓட, கீழே நிலம் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். இரண்டும் ஒரே திசையில், பூமிக்கு எதிர்ப்பக்கமாக. முகிலின் கீற்றுகள் உண்மையில் புறஊதாப் படங்களில்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், அதை மிக மெல்லிய நிழலாக மட்டும் விட்டார்கள். நிலத்தின் நிறம் பூசப்பட்டது என்பதைக் குரலில் சொன்னார்கள். தொழில்முறைக் காட்சிகளிலும் இவ்வளவு நேர்மையான வெள்ளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

நெப்டியூனுக்கும் ஒரு திருத்தம் வந்தது. வொயேஜர் 2 விண்கலம் 1989இல் அனுப்பிய படங்களை வைத்து எல்லோரும் அதைக் கடும் நீலத்தில் தீட்டிப் பழகிவிட்டோம். அந்த நீலம் முகில் வடிவங்கள் தெரிவதற்காகக் கூட்டப்பட்டது. 2024இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியபடி, நெப்டியூனும் யுரேனசும் கிட்டத்தட்ட ஒரே வெளிறிய பச்சை கலந்த நீலம்தான். சனியின் உருண்டையையும் கொஞ்சம் நசித்தோம். துருவம் வழியான விட்டம் நடுக்கோட்டு விட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்களவு குறைவு. வளையத்தின் நிழல் கோளிலும், கோளின் நிழல் வளையத்திலும் விழுந்தபோதுதான் அந்தச் சனிக்கு உயிர் வந்தது.

அளவுத்திட்டம் பற்றிச் சுருக்கமாக: கோள்களின் பருமனையும் தூரத்தையும் ஒரே காட்சியில் உண்மையாகக் காட்ட முடியாது. காலி முகத்திடலின் தெற்கு முனையில் 1 மீற்றர் விட்டமுள்ள சூரியனை வைத்தால், பூமி 107 மீற்றர் தள்ளி 9 மில்லிமீற்றர் மணி. சனி கொள்ளுப்பிட்டியில். நெப்டியூன் பம்பலப்பிட்டிச் சந்தியளவில், 3.5 சென்ரிமீற்றர். இந்தக் கணக்கை மாணவர்கள் வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, காட்சியில் பருமன் விகிதத்தை மட்டும் காப்பாற்றி, தூரம் உண்மையல்ல என்று குரலில் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

தலைகீழான திருவாதிரை

பின்னணியில் நட்சத்திரங்கள் வேண்டும். நாசா பொதுப் பாவனைக்கு விட்டிருக்கும் நட்சத்திர வரைபடத்தை எடுத்துப் பெரிய உருண்டை ஒன்றில் ஒட்டி, கமராவை உள்ளே வைத்தார்கள். வானம் நிறைந்தது, அழகாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து ஒரு மாணவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வந்த செய்தியோடு நின்றார். மார்கழி மாதம், இரவு எட்டு மணியளவில் கிழக்கில் வேட்டைக்காரன் உடுத்தொகுதி எழும்பியிருந்தது. சிவந்த திருவாதிரை இடப்பக்கம், வெண்நீல றீகல் வலப்பக்கம். “எங்கட படத்தில மாறி இருக்கு அண்ணா.”

வரைபடம் உள்ளிருந்து பார்ப்பதற்கென்றே வரையப்பட்டது. அதை உருண்டையின் வெளிப்பக்கத்தில் ஒட்டி உள்ளிருந்து பார்த்தபோது கண்ணாடியில் விழுந்த பிம்பமாக மாறிவிட்டது. இடவலமாக ஒருமுறை புரட்டினால் தீரும். ஆனால் அதைப் பிடிக்க மென்பொருள் உதவாது, வானத்தைப் பார்த்த கண்தான் உதவும். கொழும்பு வெளிச்சத்தின் நடுவிலும் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்திருக்கிறது.

அந்தப் பேச்சிலிருந்து காட்சியின் தொடக்கமும் மாறியது. கொழும்பு வட அகலக்கோடு 6.9 பாகையில் இருக்கிறது. திருவாதிரையின் இடம் வான நடுக்கோட்டுக்கு வடக்கே 7.4 பாகை. அதாவது, நம் ஊரில் திருவாதிரை ஏறக்குறைய நேர் உச்சியைக் கடந்து போகும். அரைப் பாகைதான் விலகல். துருவ நட்சத்திரமோ வடக்கு அடிவானத்திலிருந்து வெறும் 7 பாகை உயரத்தில், கட்டடங்களுக்குப் பின்னால். வெளிநாட்டுக் காட்சிகள் துருவ நட்சத்திரத்தில் தொடங்குவது அவர்கள் வானத்துக்குச் சரி. இந்தக் காட்சி, உச்சியில் நிற்கும் திருவாதிரையில் தொடங்கியது. உச்சிக்கு எதையும் வைக்க வேண்டாம் என்று நாங்கள் எழுதிவைத்திருந்த விதியை அந்த ஒரு இடத்தில் மட்டும், காரணத்தோடு, மீறினார்கள்.

ரெண்டர்

ஏழு நிமிடம் என்றால் 420 செக்கன், செக்கனுக்கு 30 வீதம் 12,600 படங்கள். பெரிய கோள்மண்டலங்களுக்கு 4096க்கு 4096 புள்ளிகளாவது கேட்பார்கள். எங்களிடம் இருந்தது ஒரு சாதாரண புரொஜெக்டரும், ஒளியைத் தெறிக்கவைத்துக் குவிமாடம் முழுக்கப் பரப்பும் கோளக் கண்ணாடியும். இந்தக் கண்ணாடி முறையை அவுஸ்திரேலியாவில் போல் பேர்க் உருவாக்கிப் பரப்பினார். பணம் குறைந்த இடங்களுக்கு அது பெரிய உதவி. அந்த புரொஜெக்டரின் மொத்தப் புள்ளிகளே 1920க்கு 1080. ஆகவே 2048 போதும் என்று தீர்மானித்தோம்.

ஒரு படத்துக்கு 40 செக்கன் வீதம் ஒரு கணினிக்கு 140 மணித்தியாலம். பத்துக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் 14. கணினி அறையை ஒரு வார இறுதிக்கு வாங்கிக்கொண்டார்கள். வீடியோவாக அல்ல, தனித்தனிப் படங்களாகச் சேமித்தது புத்தியான காரியம். நடுவில் மின்சாரம் போனபோதும் விட்ட எண்ணிலிருந்து தொடர முடிந்தது.

ஒரு சிறு சிக்கல்: ஒற்றைப் புள்ளி அளவிலான நட்சத்திரங்கள், கமரா நகரும்போது மினுக்கி மினுக்கி மறைந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று புள்ளி அகலத்துக்குப் பெருப்பித்ததும் அடங்கியது.

காட்சி நாள்

காற்றடிக்கும் குவிமாடத்தில் விசிறி நிற்கக் கூடாது. அதன் இரைச்சலில் முதற்காட்சியின் குரல் அமுங்கிப்போனது. ஒலிபெருக்கியை உள்ளே இழுத்துவைத்ததும் சரியானது. வெக்கையை ஒன்றும் செய்ய முடியவில்லை. சூரியன் வந்த காட்சியில் இன்னொன்று தெரிந்தது. ஒரு பக்கம் பளீரென்று இருந்தால் அந்த ஒளி வெள்ளைத் துணியில் பட்டு எதிர்ப்பக்கத்துக்குத் தெறித்து, கறுப்பு வானம் சாம்பலாகிவிடும். அன்றைக்கே சூரியனின் பிரகாசத்தைக் குறைத்து, அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எடுத்தார்கள்.

எட்டுக் கோள்கள் சுழன்ற இடத்தில் தரம் 4 படிக்கும் ஒரு பிள்ளை எழும்பி நின்று கேட்டான்: “அக்கா, மேல முகில் ஓடுது, கீழ நிலம் ஏன் நிக்குது?”

குரல் கொடுத்த மாணவி காட்சியை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள். “நிக்கேல்ல தம்பி, அதுவும் சுத்துது. ஒரு சுத்து முடிய 243 நாள். இந்தப் படம் முடியிறதுக்குள்ள உங்களால காண ஏலாது.”

அவன் விடவில்லை. “அப்ப முகிலை ஆர் தள்ளுறது?”

வெள்ளியின் மேல் வளிமண்டலம் ஏன் நிலத்தைவிட இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தீர்த்து முடிக்காத கேள்வி. சூரிய வெப்பம் எழுப்பும் அலைகளுக்கு அதில் பங்கு உண்டு என்கிறார்கள். அந்த மாணவி அதை அப்படியே, தெரிந்த அளவில் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் அந்தக் கேள்வி வந்தது, அவர்கள் அந்தப் போர்வையை வெட்டித் திறந்ததால்தான்.

அடுத்த முறைக்கு

இதைத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு என் அபிப்பிராயம்: மென்பொருளில் தொடங்க வேண்டாம். முதலில் பிள்ளைகளை ஒரு குவிமாடத்துக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, எந்தப் பக்கம் பார்க்கச் சுகமாக இருக்கிறது என்று கேளுங்கள். முதல் முயற்சி ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இவர்களின் ஏழு நிமிடம் பரீட்சைக் காலத்தை நெருக்கிவிட்டது, ரியூசன் முடிந்து இரவு வந்து வேலை செய்தார்கள். அது சரியல்ல. பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளியின் முகிலை அவர் கேட்டிருக்காவிட்டால் அந்தக் காட்சியே வந்திருக்காது.

கோப்புகள் முழுவதையும் கீழ் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தாகிவிட்டது. 4096 அளவில் திரும்ப ரெண்டர் செய்தால் பெரிய குவிமாடத்திலும் ஓடும். நேரம் நான்கு மடங்காகும், அதற்கு மேலதிகக் கணினிகள் தேட வேண்டும். புதியவர்கள் எடுத்திருப்பது வியாழனின் நான்கு பெரிய நிலவுகள். அதே கடிகாரம், பூமியின் ஒரு நாள் 10 செக்கன். அயோ 17.7 செக்கனில் ஒரு சுற்று, யூரோப்பா 35.5, கனிமீட் 71.5. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்று மூன்றும் தாளம் பிசகாமல் ஓடும். கலிஸ்டோ மட்டும் 167 செக்கன் எடுத்து அந்தத் தாளத்துக்கு வெளியே நிற்கும். அதன் ஒரு சுற்று முடியும்வரை காட்சியை நீட்டுவதா, பாதியில் நிறுத்துவதா என்பதில் அவர்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை.